காசு கைவிட்டுப் போகும் நேரம்: கொழும்பில் இணையத்தில் சாமான் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் வாசலில் காவலாளி ஐயாவுக்கு ஒரு சின்ன மேசை இருக்கிறது. காலை பத்து மணி தொடங்கிப் பொழுதுபடும்வரை அதில் பார்சல்கள் வந்து குவியும். இரண்டு வருடங்களுக்கு முன் அதில் ஒன்று எனக்கு வந்தது. பேஸ்புக்கில் பார்த்து ஓடர் செய்த பிளெண்டர், 4,490 ரூபா, சாமான் கைக்கு வந்த பிறகு காசு. பார்சலை வாங்கியபோதே மெத்தென்று இருந்தது. பிளெண்டர் எங்கே மெத்தென்று இருக்கும்? கை சொன்னது, நான்தான் கேட்கவில்லை. "திறந்து பார்த்திட்டுக் காசு தரட்டா, தம்பி?" என்று கேட்டேன். "இல்ல அக்கா, காசு தந்தாப் பிறகுதான் திறக்கலாம். எங்களுக்கு உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு தெரியாது" என்றார் கூரியர் தம்பி. அவர் சொன்னது உண்மை. காசைக் கொடுத்து, அவர் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிய பிறகு திறந்தேன். உள்ளே ஒரு கட்டில் விரிப்பு.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி வாங்கும்போது நாம் எப்படி வாங்குகிறோம்? விரலால் தடவுகிறோம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், "வேண்டாம்" என்று நாலு அடி நடக்கிறோம், அவர் கூப்பிட்டால் திரும்புகிறோம். காசு கைவிட்டுப் போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். இணையத்தில் அது முதலிலேயே போய்விடுகிறது, அல்லது எனக்கு நடந்ததுபோல் கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நேரத்தை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுவதற்காகத்தான்.

முதலாம் படி: இதை இணையத்தில்தான் வாங்க வேண்டுமா?

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடை பக்கத்திலேயே இருக்கிறது. மடிக்கணினி என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, போன் என்றால் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, மின்சாரச் சாமான் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. இரண்டு கடைக்குப் போன் எடுத்து விலை கேட்க ஐந்து நிமிடம் போதும். இணைய விலையோடு டெலிவரிக் காசையும் கூட்டிப் பார்த்தால், பல நேரங்களில் பஸ் ஏறிப் போவதே மலிவு.

நான் இணையத்தில் வாங்குபவை: புத்தகம், கேபிள், சமையல் பாத்திரம், பெயர் பெற்ற கொம்பனியின் மின்சாதனம், ஒருமுறை வாங்கிப் பழகிய அளவில் செருப்பு. வாங்காதவை: நகை (அதற்குச் செட்டியார் தெரு இருக்கிறது), கூறைச் சேலை (திரையில் தெரியும் அரக்கு வேறு, வீட்டுக்கு வரும் அரக்கு வேறு), மருந்து, முகம் வெளுக்கும் கிறீம். கடைசியானதை அழுத்திச் சொல்கிறேன். உற்பத்தியாளர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாமல் விற்கப்படும் வெளுக்கும் கிறீம்களில் பாதரசம் இருப்பது உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். அது தோலோடு நிற்காது, சிறுநீரகம்வரை போகும். ஒரு கிழமையில் முகம் வெளுத்தது என்று யாராவது லைவில் வந்து காட்டினால் அதுவே பயப்படக் காரணம்.

இரண்டாம் படி: விற்பவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இணையத்தில் நமக்குச் சாமான் விற்பவர்கள் நாலு வகை.

முதலாவது வகை டராஸ், அது இணையத்தில் ஒரு சந்தை. கட்டடம் அவர்களுடையது, உள்ளே இருக்கும் ஆயிரம் கடைகளும் வேறு வேறு ஆட்களுடையவை. "டராஸில் வாங்கினேன்" என்று சொல்லும்போது உண்மையில் அங்குள்ள ஏதோ ஒரு கடையில் வாங்கியிருக்கிறோம். சாமானின் படத்துக்குக் கீழே விற்பவரின் பெயர் இருக்கும். அதை அழுத்தினால் அவர் எவ்வளவு காலமாக விற்கிறார், வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும். கப்ருக்கா போன்றவை, சிங்கர், அபான்ஸ் போன்றவற்றின் சொந்தத் தளங்கள் இரண்டாவது வகை. பொறுப்புக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. இக்மன் மூன்றாவது வகை, விளம்பரப் பலகை மாதிரி. வாங்குபவரும் விற்பவரும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் அது. நாலாவது, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் கடைகள். வீட்டிலிருந்து கேக், அச்சாறு, தையல் என்று நேர்மையாகத் தொழில் செய்யும் எத்தனையோ பெண்கள் இதில்தான் இருக்கிறார்கள். ஏமாற்றுபவர்களும் இதில்தான்.

பேஸ்புக் பக்கத்தைப் பார்க்க ஒரு வழி: பக்கத்தின் அறிமுகப் பகுதிக்குள் "பக்க வெளிப்படைத்தன்மை" என்று ஒன்று இருக்கும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, பெயர் எத்தனை தடவை மாறியது என்று அங்கே காட்டும். சில பக்கங்களுக்கு நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் இருக்கும். எனக்குக் கட்டில் விரிப்பு அனுப்பிய பக்கத்தைப் பிறகு பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன்வரை அது ஒரு கிரிக்கெட் ரசிகர் பக்கம். பழைய பக்கத்தை அதன் விருப்பக் குறிகளோடு சேர்த்து வாங்கி, பெயரை மாற்றிக் கடை திறந்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் விரும்பிய கடை என்று நான் நம்பியது கிரிக்கெட்டை விரும்பிய நாற்பதாயிரம் பேரை.

பிறகு படம். கூகிள் லென்ஸில் சாமானின் படத்தைப் போட்டுத் தேடுங்கள். அதே படம் சீனத் தளத்திலும் இந்தியத் தளத்திலும் வேறு பெயரில் இருந்தால், விற்பவர் அந்தச் சாமானைக் கையில் வைத்திருக்கிறாரா என்பதே சந்தேகம். "இன்றைய திகதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்புங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான வியாபாரி சிரித்துக்கொண்டு அனுப்புவார். மற்றவர் கோபிப்பார், அல்லது இன்பொக்ஸில் மௌனமாகிவிடுவார். பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுத முடியாதபடி மூடி வைத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொம்பனி என்று சொல்லிக்கொண்டால், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், செலவில்லை. ஆனால் சின்னத் தனிநபர் வியாபாரங்கள் அங்கே வராது. அவற்றின் வியாபாரப் பெயர் பதிவு பிரதேச செயலக மட்டத்தில் நடப்பது. ஆகவே அங்கே பெயர் இல்லாததால் மட்டும் ஒருவரைக் கள்ளன் ஆக்கிவிட வேண்டாம்.

தளத்தின் முகவரியை வாசிக்கவும் பழக வேண்டும். https:// என்ற தொடக்கத்தை விட்டு, அதற்குப் பிறகு வரும் முதலாவது சாய்கோட்டைக் (/) கண்டுபிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வாசியுங்கள். கடைசிப் புள்ளிக்குச் சற்று முன்னால் நிற்கும் பெயர்தான் பொதுவாகத் தளத்தின் சொந்தக்காரன். அதற்கும் முன்னால் எவ்வளவு பிரபலமான பெயர் ஒட்டியிருந்தாலும் அது வெறும் அலங்காரம். முகவரி இலங்கைக்குரிய "எல்கே"யில் முடிந்தால் நம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காசு கட்டி யாரும் எடுக்கக்கூடிய பெயர். பூட்டுப் படமும் அப்படித்தான். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று பூட்டுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: சாமானை எழுத்தில் தடவிப் பாருங்கள்

கையால் தொட முடியாததால் விவரத்தை வாசிக்கத்தான் வேண்டும். மின்சாதனம் என்றால் முதலில் வோல்ட் பாருங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கு 120 வோல்ட்டுக்குச் செய்த ஹெயார் டிரையரை இங்கே செருகினால் புகைதான் வரும். பிளக் சதுர முள்ளா, உருண்டை முள்ளா என்றும் பாருங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் இன்னும் உருண்டைத் துளைதான்.

உடுப்பு என்றால் எக்ஸ்எல், டபிள் எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் ஒரு சட்டையை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து, தளத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சீனத்து எக்ஸ்எல் எனக்கு இறுகுகிறது, என் மகளுக்குச் சரியாக இருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

போன் வாங்கும்போது விலை பேச முதலே ஐஎம்இஐ எனும் அந்தப் போனுக்குரிய அடையாள இலக்கத்தைக் கேளுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்கங்கள் அவை. குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பழைய போனுக்கு இது கட்டாயம். இலக்கத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இனி, எண்களில் நடக்கும் ஏமாற்று. இரண்டு டெராபைட் பென் டிரைவ் மூவாயிரம் ரூபாவுக்குக் கிடைக்காது. கிடைப்பது 32 அல்லது 64 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்புக்கு "நான் இரண்டு டெராபைட்" என்று பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கணினியும் அதை நம்பும். நீங்கள் கலியாணப் படங்களைப் போட்டுக்கொண்டே போவீர்கள். இடம் முடிந்த பிறகு புதியது பழையதை அழிக்கும், அல்லது திறக்க முடியாத வெற்றுக் கோப்பாக நிற்கும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள். பவர் பாங்கிலும் இதே கதை. கொள்ளளவு 20,000 எம்ஏஎச் என்றால் உள்ளே இருக்கும் மின்கலங்களே முன்னூறு கிராம் அளவில் வரும். தளத்தில் எடை 150 கிராம் என்று போட்டிருந்தால் எடை உண்மை, மற்றது பொய். நேர்மையான 20,000கூட 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. 5 வோல்ட்டுக்கு மாற்றி, இழப்பும் போகச் சுமார் 12,000 அல்லது 13,000தான் போனுக்குப் போய்ச் சேரும். அதை ஏமாற்று என்று சண்டை பிடிக்க முடியாது.

"வொறன்ரி உண்டு" என்ற சொல்லைக் கண்டால் ஒரு கேள்வி: யாருடைய வொறன்ரி? இலங்கை முகவருடையதா, கடைக்காரருடையதா? கடைக்காரருடையது என்றால் கடை இருக்கும்வரை அது இருக்கும்.

கருத்துகளை வாசிக்கும்போது ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடுங்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஒரே நாளில் ஒரே மாதிரி வசனத்தில் இருபது பாராட்டு வந்திருந்தால் அவை எழுதுவிக்கப்பட்டவை.

நாலாம் படி: முழு விலை

வெட்டிப் போட்ட பழைய விலையைப் பார்க்காதீர்கள். அது யாரும் எந்தக் காலத்திலும் கொடுத்திராத விலையாக இருக்கலாம். பதினோராம் மாதம் பதினோராந் திகதி மலிவு விற்பனைக்கும் சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்கும் ஒரு மாதம் முன்பே வேண்டிய சாமானின் விலையை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைப்பது என் வழக்கம். பாதி நேரம் "மலிவு விலை" பழைய விலைதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாமானுக்கு டொலர் விலை, வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்க வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். சுங்க விதி அடிக்கடி மாறுவது. போன வருடம் நண்பி கட்டிய தொகையை இந்த வருடக் கணக்குக்கு எடுக்க வேண்டாம். காசு கட்டும் பக்கத்தில் "ரூபாவில் கட்டுகிறீர்களா?" என்று வெளிநாட்டுத் தளம் கேட்டால், பெரும்பாலும் டொலரில் கட்டுவதே இலாபம், அவர்கள் தரும் ரூபாக் கணக்கில் அவர்களுடைய இலாபமும் ஒளிந்திருக்கும்.

கோகோ, மின்ட்பே போன்றவற்றில் மூன்று தவணையாகக் கட்டலாம். வட்டி இல்லை. ஆனால் ஒன்பதாயிரம் ரூபாச் சாமான் மூவாயிரமாகக் கண்ணுக்குத் தெரிவதுதான் அதன் கவர்ச்சி. ஏற்கனவே ஒரு தவணை ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்று தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: காசு கட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

தெரியாத விற்பனையாளருக்கு வங்கிக் கணக்கில் முற்பணம் போடாதீர்கள். இன்று ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போடும் காசு, வங்கிகளை இணைக்கும் லங்காபே வழியாகச் சில நொடியில் போய்ச் சேருகிறது. சேர்ந்த காசைத் திரும்ப எடுக்க, பெற்றவர் சம்மதிக்க வேண்டும், அல்லது பொலிஸும் நீதிமன்றமும் வேண்டும். போன் வழியாகக் காசு அனுப்பும் ஈசி காஷ், எம்காஷ் மூலம் "சின்ன முற்பணம்" கேட்பதும் இதே வலைதான். "நான் வெளிநாடு போகப் போறன், கார் மலிவு, இன்னொருவரும் கேட்கிறார், பத்தாயிரம் போட்டால் உங்களுக்காக வைத்திருப்பன்" என்ற கதையை நம்பிப் போட்டவர்கள் எங்கள் மாடியிலேயே இருவர்.

அட்டையால் கட்டும்போது, முடிந்தால் கடன் அட்டை. தகராறு வந்தால் அந்தக் காசு இன்னும் வங்கியின் காசு. டெபிட் அட்டையில் போனது உங்கள் சம்பளம். சாமான் வரவில்லை, அல்லது வேறு சாமான் வந்தது என்றால், அட்டை கொடுத்த வங்கியிடம் கொடுப்பனவை மறுத்து முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, பிந்தாதீர்கள். கடன் அட்டை இல்லாதவர்கள் சம்பளக் கணக்கை விட்டு வேறொரு சின்னக் கணக்கைத் திறந்து, அதன் டெபிட் அட்டையை இதற்கென்று வையுங்கள். வாங்கும் அன்று வேண்டிய தொகையை மட்டும் அதில் போடுங்கள். உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால், வேண்டிய நேரம் தவிர மூடி வையுங்கள்.

கொடுப்பனவை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கமான ஓடிபி வரும் குறுஞ்செய்தியில் நாம் இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம். பெரும்பாலும் அதே செய்தியில் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். 1,250 ரூபாவுக்குச் சட்டை வாங்கும்போது செய்தியில் வெளிநாட்டுப் பெயரும் 480 டொலரும் நின்றால், இலக்கத்தை அடிக்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். இக்மனில் பழைய சோபாவை விற்கப் போட்டால், "காசு போட்டிருக்கிறேன், உங்களுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கோ" என்று ஒருவர் கேட்பார். காசு பெறுவதற்கு ஓடிபி வேண்டியதில்லை, கியூஆரை ஸ்கேன் பண்ண வேண்டியதும் இல்லை. வட்ஸ்அப்பில் வரும் வங்கிச் சீட்டுப் படத்தை நம்பிச் சோபாவை லொறியில் ஏற்றாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து மிகுதியைப் பாருங்கள்.

நேரில் சந்திப்பதென்றால் மஜெஸ்டிக் சிற்றி போல் ஆள் நடமாட்டம் உள்ள இடம், பகல் நேரம். மடிக்கணினி என்றால் செருகிப் பார்க்க ஒரு பிளக் உள்ள கோப்பிக் கடை.

ஆறாம் படி: பார்சல் வந்ததும்

தூக்கிப் பாருங்கள். (என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.) எடை பொருந்தாவிட்டால் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்பலாம், கூரியர் தம்பியோடு சண்டை வேண்டாம், அவர் வெறும் தூதர். காவலாளி ஐயாவிடம் காசைக் கொடுத்து வைத்து "வந்தால் வாங்கி வையுங்கோ" என்று சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

திறக்க முன் மேலே ஒட்டிய சீட்டைப் படம் எடுங்கள். அனுப்பியவரின் பெயரும் இலக்கமும் அதில்தான் இருக்கும். கத்தரிக்கோல் வைக்கும் நொடியிலிருந்து சாமானை மின்சாரத்தில் போட்டுப் பார்க்கும்வரை வெட்டாத ஒரே வீடியோ எடுங்கள். பக்கத்தில் ஒருவர் போனைப் பிடித்தால் போதும். திருப்பி அனுப்பும்போது இதைவிடப் பலமான சாட்சி இல்லை. பெட்டியை வீச முன் சீட்டைக் கிழித்து எடுங்கள், அதில் உங்கள் வீட்டு முகவரியும் போன் இலக்கமும் இருக்கின்றன.

"உங்கள் பார்சல் தபாலகத்தில் நிற்கிறது, முகவரி சரியில்லை, 80 ரூபா கட்டுங்கள்" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வரும். அவர்களுக்கு வேண்டியது 80 ரூபா அல்ல, உங்கள் அட்டை இலக்கம். இணைப்பை அழுத்தாதீர்கள். உண்மையாக வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்தால், அதன் டிராக்கிங் இலக்கத்தைத் தபால் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: பிழைத்துப் போனால்

முதல் மணித்தியாலம் முக்கியம். அட்டை விவரமோ ஓடிபியோ போய்விட்டால் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிராமல் வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்துங்கள், குறிப்பு இலக்கம் கேட்டு எழுதி வையுங்கள். வங்கி முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு 1935இல் இருக்கிறது.

சாமான் பிழை என்றால் விற்பவருக்கு எழுத்தில் சொல்லுங்கள், போனில் வேண்டாம். டராஸ் போன்ற சந்தையில் வாங்கியிருந்தால் பேச்சு முழுவதும் செயலிக்குள்ளேயே நடக்கட்டும். "வட்ஸ்அப்புக்கு வாங்கோ, அங்க பேசுவம்" என்றால் போகாதீர்கள், வெளியே பேசியதற்கு அவர்களிடம் பதிவு இருக்காது. திருப்பி அனுப்பும் நாட்கள் சாமானுக்குச் சாமான் வேறுபடும், பார்சல் வந்த அன்றே அதைப் பாருங்கள்.

விற்பவர் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே வட்ஸ்அப் கடையிலும் கேளுங்கள். போலிப் பக்கம், கணக்குத் திருட்டு போன்றவற்றுக்கு கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கைச் சேர்ட், இலக்கம் 101. காசு மோசடி என்றால் அருகிலுள்ள பொலிஸ் நிலையம், அல்லது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு.

என் 4,490 ரூபா திரும்பவில்லை. பெட்டியையும் சீட்டையும் அன்றிரவே குப்பையில் போட்டுவிட்டேன், அனுப்பியவர் இலக்கம் அதோடு போய்விட்டது. பக்கமும் மூன்று நாளில் மறைந்துவிட்டது.

முறைப்பாட்டுக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஓடர் செய்த திகதி, விற்பவரின் பெயரும் இலக்கமும், கட்டிய தொகையும் கட்டிய விதமும், என்ன கேட்டீர்கள், என்ன வந்தது, நீங்கள் எப்போது அறிவித்தீர்கள், இப்போது என்ன வேண்டும்: காசா, மாற்றுச் சாமானா. கோபத்தை எழுதாதீர்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஸ்க்ரீன்ஷொட்டுகளை அச்செடுத்து இலக்கமிட்டுப் பின்னால் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் துண்டைக் கடிதப் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள்.